பதினொன்று புள்ளி நான்கு

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
இருபத்தெட்டு டன் கோதுமைக்கு
ஒரு கிண்ணம்.

எடைமேடையில் டிராக்டர் ஏறியதும்
மேலிருந்து ஓர் இரும்புத் துதிக்கை இறங்கும்.
ஐந்து இடத்தில் குத்தி உறிஞ்சும்.
குழாய்க்குள் சலசலத்து
என் மேசைக்கு வந்து விழும் கோதுமையில்
வயலின் வெயில் இன்னும் ஆறியிருக்காது.
கிண்ணத்தைத் தட்டி, தலை வழித்து, மூடியை இறக்கினால்
நாற்பது நொடி.

உள்ளே எரிவது
சிவப்புக்கும் அப்பால் இருக்கிற சிவப்பு.
பாம்புக்குத் தெரியுமாம், நமக்குத் தெரியாது.
தண்ணீர் தன் பங்கு அலையை விழுங்கும்,
புரதம் தன் பங்கை.
மிச்சம்தான் திரும்பி வருகிறது.
என்ன குறைகிறது என்று பார்த்து
என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறது பெட்டி,
அடுத்த வீட்டுக் குப்பைக்கூடையைப் பார்த்தே
அவர்கள் சமையலைச் சொல்பவளைப்போல.

போஸ் சமவெளியில் அறுவடை மூன்றே வாரம்.
சார்த்ருக்குத் தெற்கே, ரயில் பாதையோரம்
ஆறு சிலோ, ஒரு காப்பி மெஷின்,
லா கூர்னேவிலிருந்து கோடை வேலைக்கு வந்த நான்.

புதன்கிழமை, இரவு ஒன்பது பத்து.
மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது.
வரிசையில் கடைசி வண்டி மதாம் பெலாஞ்ஜேயுடையது.
ஈரப்பதம் பதின்மூன்று புள்ளி இரண்டு. நல்லது.
புரதம் பதினொன்று புள்ளி நான்கு.

ரொட்டிக்குப் பதினொன்றரை வேண்டும்.
அதற்குக் கீழே தீவனம்;
டன்னுக்குப் பதினான்கு யூரோ இறக்கம்.
நான் கால்குலேட்டரைத் தேடி எடுப்பதற்குள்
“முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு” என்றாள் அவள்.
பிறகு, “இன்னொரு தரம் போடு.”

போட்டேன். பதினொன்று புள்ளி ஐந்து.
இரண்டுக்கும் சராசரி
பதினொன்று புள்ளி நான்கு ஐந்து.
திரை அதைப் பதினொன்று புள்ளி நான்கு என்றே எழுதியது.
எங்கோ ஓர் அலுவலகத்தில் என்றோ ஒருவர்
மிச்சத்தைக் கீழ்ப்பக்கம் வெட்டு என்று
அதற்குச் சொல்லிவைத்திருக்கிறார்.

கருவியின் இடுப்பில் ஒட்டிய சான்றிதழில்
பொடி எழுத்தில் இருக்கிறது பிழை வரம்பு:
இரு பக்கமும் புள்ளி இரண்டு.
அவளுக்கும் ரொட்டிக்கும் நடுவில் இருந்தது
அதில் பாதி.

அவளுக்கும் தெரியும் அது.
கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு
கையெழுத்துப் போட்டாள்.
மாதிரிப் பை ஒன்றை முத்திரையிட்டு
வெளி ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னாள்.
“பதில் வர எத்தனை நாள்?”
“பத்து.”
சிரித்த மாதிரி இருந்தது.

தீவன சிலோ அன்று மதியமே நிரம்பிவிட்டது.
திபோ இழுத்தது நான்காம் நெம்புகோல்.
நான்காவது, ரொட்டிக் கோதுமை.
அவள் தானியம் குழிக்குள் இறங்கிய சத்தம்
பன்னிரண்டரை இறங்கும் சத்தத்திலிருந்து
கொஞ்சமும் வேறாக இல்லை.
ருவானில் கப்பல் ஏறும்போது
எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு.

வரிசை தீர்ந்தது. மழை தொடங்கியது.
லா ஷப்பேலில் வாங்கிய சிவப்புக் குத்தரிசி
பையில் ஒரு பொட்டலம் இருந்தது.
சும்மாதான், கிண்ணத்தில் நிரப்பி மூடினேன்.
நாற்பது நொடி.
ஏதேதோ எண்கள்.
ஒவ்வோர் எண்ணின் தலையிலும் ஒரு நட்சத்திரம்.
கீழே ஒரு வரி:
இந்த மாதிரி எனக்குப் பழக்கமில்லை.

எனக்கு அதன்மேல் மரியாதை வந்தது.
உடனே கோபமும்.
தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தெரிந்த பெட்டிக்கு
அந்தப் பதினொன்று புள்ளி நான்கின்மேல் வைக்க
ஒரு நட்சத்திரம் இல்லாமல் போனதே.

அரிசியைத் திரும்பப் பொட்டலத்தில் கொட்டினேன்.
தரையில் சிந்திய நாலைந்தைப் பொறுக்கினேன்.
மதாமின் பைக்கு முத்திரை வைத்து
மேலே எண்ணை எழுதி,
பக்கத்தில் பேனாவால்
ஒரு கூட்டல், அதன் அடியில் ஒரு கோடு.

படிவத்தில் அதற்கு இடமில்லை.
காலையில் திபோ கேட்பான்.
கேட்கட்டும்.